கோடரி புதைந்த மண்: மன்னிப்பைக் குறிக்கும் ஆங்கில மரபுத்தொடர்களின் பிறப்பு



  நெடுநாளாக என் சிந்தையை ஆட்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை, ஆங்கில மொழியில் மன்னிப்பைக் குறித்து வழங்கும் மரபுத்தொடர்கள் எங்கே, எவ்வாறு பிறந்தன என்னும் விஷயத்தை, இன்று உங்கள்முன் வைக்கத் துணிந்தேன்.

ஒரு ஜனசமூகம் மன்னிப்பைப் பற்றி என்ன கருதுகிறது என்பதை அதன் தத்துவ நூல்களைக் கொண்டு அறியலாம். அந்த ஜனங்கள் வீட்டிலும் கடைத்தெருவிலும் யோசியாமலே வழங்கும் தொடர்களைக் கொண்டும் அறியலாம். முதல் வழியில் கிடைப்பது அறிஞர் சிலரின் அபிப்பிராயம். இரண்டாம் வழியில் கிடைப்பதோ பல தலைமுறையினரின் அனுபவம். ஆங்கிலத்தில் மன்னிப்பைக் குறிக்கும் தொடர்களை ஒவ்வொன்றாக எடுத்து அவற்றின் பிறப்பிடத்தை நாடிச் சென்றால், ஓர் உண்மை புலனாகும். இன்று இத்தொடர்கள் யாவும் மனத்தின் நெகிழ்ச்சியைக் குறிப்பனவாக, தனிமனிதர் தமக்குள்ளேயே அடைகின்ற ஓர் அமைதியைக் குறிப்பனவாக வழங்குகின்றன. பிறந்த காலத்திலோ அவை ஒவ்வொன்றும் ஊரார் காணச் செய்யப்பட்ட ஒரு செயலைக் குறித்தன. அந்தச் செயலுக்குச் சாட்சி இருந்தது, விலை இருந்தது, மீறியவனைக் கட்டுப்படுத்தும் வலிமையும் இருந்தது. தொடர் நிலைத்துவிட்டது; செயல் மறைந்துவிட்டது. அந்த மறைந்த செயலை மீண்டும் நினைவுக்குக் கொண்டுவருவதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

புதைத்த ஆயுதம்

பகைமையை விட்டொழித்தலை ஆங்கிலேயர் ‘பெரி த ஹேச்செட்’ என்பர். கைக்கோடரியைப் புதைத்தல் என்பது அதன் நேர்பொருள். இத்தொடர் ஆங்கிலேயரின் சொந்த மரபில் தோன்றியதன்று. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த பூர்வகுடியினரிடமிருந்து, குடியேறிய ஆங்கிலேயர் கண்டு எடுத்துக்கொண்டது அது. அந்தக் குடியினருள் தலைசிறந்தவர்கள், இரோக்வாய் என்று பிறரால் அழைக்கப்பட்டவர்களும் ஹோடெனோஷோனி என்று தம்மைத் தாமே அழைத்துக்கொண்டவர்களுமான ஐந்து இனத்தார்: மோஹாக், ஒனைடா, ஆனண்டாகா, கயூகா, செனெகா என்போர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டஸ்கரோரா இனத்தாரும் அவர்களோடு சேர்ந்து ஆறு இனமாயினர்.

இவ்வினத்தார் ஒரு காலத்தில் பழிக்குப் பழி என்னும் சுழலில் அகப்பட்டு அழிந்துகொண்டிருந்தனர் என்றும், அப்போது அவர்களிடையே தோன்றிய மகான் ஒருவர், ஹயவாதா என்பவரின் துணையோடு, அவர்களை ஒரே கூட்டரசாக இணைத்தார் என்றும் அவர்களுடைய வாய்மொழி வரலாறு கூறுகிறது. அம்மகானின் இயற்பெயரைச் சாதாரணமாக உச்சரித்தல் மரியாதையன்று என்று கருதி, சமாதானம் செய்வித்தவர் என்றே அம்மக்கள் இன்றும் அவரைக் குறிப்பிடுகின்றனர். அவர் நெடிதுயர்ந்த வெண்பைன் மரம் ஒன்றை வேரோடு பெயர்த்து, அதனடியில் தோன்றிய பிலத்தில் ஐந்து இனத்தாரின் போர்க்கருவிகளையும் எறியச் செய்தார். நிலத்தின் அடியில் ஓடிய நீர் அவற்றை அடித்துக்கொண்டு போயிற்று. பின்னர் மரம் மறுபடியும் அதே இடத்தில் நடப்பட்டது. எறிந்த ஆயுதத்தை, எறிந்தவனே விரும்பினாலும் மீட்க முடியாது என்பதே இக்கதையின் உயிர்நிலை.

இந்தக் கதையில் மன்னிப்பைப் பற்றி இன்னும் ஆழமான ஒரு பகுதி உண்டு. ஹயவாதா தம் புதல்விகளை இழந்து, துயரத்தால் ஊரை விட்டு வெளியேறிக் காட்டில் அலைந்தவர். அவரை அங்கே கண்ட சமாதானம் செய்வித்தவர், சிப்பிமணிகளைக் கோத்த சரங்களைக் கையில் ஏந்தி, ஒவ்வொரு சரத்துக்கும் ஒரு வாசகமாகச் சொல்லி, கண்ணீரால் மறைந்த கண்களைத் துடைத்தார். துயரத்தால் அடைத்த காதுகளைத் திறந்தார். விம்மலால் அடைபட்ட தொண்டையைத் தெளிவித்தார். அதன்பின், கூட்டரசுக்கு இணங்காமல் எல்லோரையும் அச்சுறுத்திவந்த டடோடாஹோ என்னும் கொடிய தலைவனை அவர்கள் இருவரும் அணுகினர். அவன் தலைமயிரில் பாம்புகள் நெளிந்தன என்பது கதை. அவர்கள் அவனைக் கொல்லவில்லை. அவன் தலையை வாரிப் பாம்புகளை நீக்கி, அவனையே அக்கூட்டரசின் தலைமைத் தீயைக் காக்கும் தலைவனாக அமர்த்தினர். ஆனண்டாகா இனத்தில் அப்பதவியை வகிப்பவர் இன்றைக்கும் டடோடாஹோ என்னும் பட்டத்தாலேயே அழைக்கப்படுகிறார்.

இங்கே முறைமையைக் கவனிக்க வேண்டும். முதலில் துயருற்றவரின் கண்ணீர் துடைக்கப்படுகிறது. அதன் பிறகே துன்பம் விளைத்தவனுக்குத் திருந்தும் வாய்ப்பு அளிக்கப்படுகிறது. முடிவில் ஆயுதம் புதைக்கப்படுகிறது. இம்மரபு வெறும் புராணமாக நின்றுவிடவில்லை. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இவ்வினத்தாரோடு உடன்படிக்கை செய்யச் சென்ற ஐரோப்பிய அதிகாரிகள், கண்ணையும் காதையும் தொண்டையையும் தெளிவிக்கும் இந்தச் சடங்கைச் செய்து முடித்த பின்னரே பேச்சைத் தொடங்க முடிந்தது. துக்கம் விசாரிக்காதவனோடு அரசியல் பேசுவதில்லை என்பது அவர்களின் நீதி.

ஆங்கிலேயர் இந்தச் சடங்கைக் குறித்து எழுதிய பழைய குறிப்புகளுள் ஒன்று, பாஸ்டன் நகரத்துச் சாமுவேல் சூவல் என்பவரால் 1680-ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. மேஜர் பிஞ்சன் என்னும் குடியேற்றத் தலைவர் ஆல்பனி நகருக்குச் சென்று மோஹாக் தலைவரோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார் என்றும், அப்போது ஆங்கிலேயருக்கு ஒன்றும் மோஹாக்குகளுக்கு ஒன்றுமாக இரண்டு கோடரிகள் மண்ணில் புதைக்கப்பட்டன என்றும் அவர் தெரிவிக்கிறார். தாளில் எழுதிய சமாதான ஷரத்துகள் எல்லாவற்றையும்விட இந்தச் சடங்கே அம்மக்களைக் கட்டுப்படுத்த வல்லது என்ற கருத்தையும் அவர் குறித்து வைத்தார். இருதரப்பாரும் ஆளுக்கொரு கோடரியைப் புதைத்தனர் என்பதையும், ஒருவன் தன் ஆயுதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவனைப் புதைக்கச் சொல்லுதற்கு இச்சடங்கில் இடமில்லை என்பதையும் நாம் மறவாதிருக்க வேண்டும்.

இச்சடங்கு எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்பதற்கு மற்றுமொரு சான்று உண்டு. 1761-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள், நோவா ஸ்கோஷியாவின் ஹாலிபாக்ஸ் நகரில், ஆங்கில அரசின் பிரதிநிதியாக ஆட்சி நடத்திய ஜோனதன் பெல்ச்சரும் மிக்மாக் இனத் தலைவர்களும் கூடி, நெடுங்காலப் போரை முடித்துக் கோடரியைப் புதைத்தனர். 1760, 1761 ஆகிய ஆண்டுகளில் எழுந்த அந்த உடன்படிக்கைகள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னும் உயிரோடிருந்தன. மிக்மாக் இனத்தவர் மீன் பிடித்து விற்று அளவான பிழைப்பு நடத்தும் உரிமை அவற்றால் காக்கப்படுகிறது என்று கனடா நாட்டு உச்ச நீதிமன்றம் 1999-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. கோடரி மட்கிப் போயிருக்கும். அதைப் புதைத்தபோது கொடுத்த வாக்கு மட்கவில்லை.

ஆயினும் வேதனையான செய்தி ஒன்றையும் சொல்லாமல் விடலாகாது. அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1779-ஆம் ஆண்டில், ஜார்ஜ் வாஷிங்டனின் ஆணைப்படி தளபதி சல்லிவன் தலைமையில் புறப்பட்ட சேனை, இரோக்வாய் நாட்டில் ஏறத்தாழ 40 ஊர்களைத் தீக்கிரையாக்கியது. அறுவடைக்கு நின்ற சோளப்பயிரும் கனிமரங்களும் அழிக்கப்பட்டன. கோடரியைப் புதைக்கும் தொடரை அம்மக்களிடமிருந்து கற்றுக்கொண்ட மொழியின் மக்களே அவ்வூர்களை எரித்தனர். தொடரைக் கைக்கொண்டு அதன் கடமையைக் கைவிடுவது எவ்வளவு எளிதென்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் வேண்டியதில்லை.

கணக்கும் கடனும்

இனி வேறொரு கூட்டத்தைச் சேர்ந்த தொடர்களைக் காண்போம். ‘கிளீன் ஸ்லேட்’ என்பது அவற்றுள் ஒன்று. பழைய பிழைகளைக் கருதாமல் ஒருவனுக்குப் புதிய தொடக்கம் அளிப்பதை இது குறிக்கும். இங்கிலாந்தின் மதுக்கடைகளிலும் மளிகைக்கடைகளிலும் வாடிக்கைக்காரர்களின் பாக்கியைக் கற்பலகையில் எழுதிவைக்கும் வழக்கம் இருந்தது. பாக்கி தீர்ந்தால் எழுத்து அழிக்கப்படும். கப்பல்களிலும் ஒவ்வொரு காவல் நேரத்திலும் சென்ற திசையையும் தூரத்தையும் பலகையில் குறித்து, பின் அவற்றைப் பெரிய குறிப்பேட்டில் பதிந்துகொண்டு பலகையைத் துடைத்துவிடுவர். கடையிலாயினும் கப்பலிலாயினும், சேர வேண்டியது சேர வேண்டிய இடத்தில் சேர்ந்த பின்னரே பலகை துடைக்கப்பட்டது. எழுதியிருப்பதைக் காணச் சகியாமல் எவரும் அதைத் துடைக்கவில்லை.

கடனைத் துடைப்பதும் குற்றத்தைத் துடைப்பதும் ஒன்றே என்னும் எண்ணம் மிகப் பழமையானது. பாபிலோனியாவை ஆண்ட அம்மிசதூகா என்னும் அரசன், கிறிஸ்து பிறப்பதற்குப் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஏழைக் குடியானவர்களின் கடன்களையும் வரிப்பாக்கிகளையும் ரத்துசெய்து ஒரு சாசனம் பிறப்பித்தான். வணிகர் தமக்குள் வாணிபத்துக்காக வாங்கிய கடன்களை அச்சாசனம் தொடவில்லை. கடன் தீர்ந்ததற்கு அடையாளமாகக் களிமண் பத்திரத்தை உடைப்பது அந்நாட்டு வழக்கம். ஆகவே பத்திரத்தை உடைத்தல் என்பதே அவர்கள் மொழியில் கடன் ஒழிந்ததைக் குறிக்கும் தொடராயிற்று. யூதரின் வேதமோ ஏழாண்டுக்கு ஒருமுறை கடன் விடுதலையையும், ஐம்பதாம் ஆண்டில் நிலங்கள் பழைய குடும்பங்களுக்கே மீளும் யூபிலியையும் விதித்தது.

இந்தப் பின்னணியிலேதான் இயேசுநாதர் தம் சீடருக்குக் கற்பித்த ஜெபத்தில் பாவமன்னிப்பைக் கடன்மன்னிப்பாகச் சொன்னார். மத்தேயுவின் சுவிசேஷத்தில் அவ்விடத்திலுள்ள மூலச்சொல் கடன் என்பதே. 1526-ஆம் ஆண்டில் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் வெளியிட்ட வில்லியம் டிண்டேல் அங்கே, பிறர் எல்லையில் அத்துமீறுதலைக் குறிக்கும் சட்டச் சொல்லை அமைத்தார். 1549-ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கிலத் திருச்சபையின் ஜெபப்புத்தகம் அதையே கைக்கொண்டது. ஸ்காட்லாந்துத் திருச்சபையாரோ கடன் என்னும் சொல்லை விடாமல் காத்தனர். இன்றும் ஆங்கிலம் பேசும் கிறிஸ்தவர் இருசபையினர் ஒன்றுகூடி அந்த ஜெபத்தைச் சொல்லும்போது அவ்விடத்தில் குரல்கள் பிரிவதுண்டு. நம் தமிழ் வேதாகமத்தைப் படித்தவர்கள் அதில் கடன், கடனாளி என்னும் சொற்களே மத்தேயுவின் அவ்விடத்தில் நிற்பதை அறிவார்கள்.

ஸ்காட்லாந்து தந்த மற்றொரு தொடர், ‘லெட் பைகான்ஸ் பி பைகான்ஸ்’ என்பது. போனது போகட்டும் என்று நாம் சொல்வதற்கு ஒப்பானது. சமய உரிமைக்காகத் தம் திருச்சபைப் பணியை இழந்து 1636-ஆம் ஆண்டில் அபர்தீன் நகரில் தங்கியிருக்கும்படி தண்டிக்கப்பட்ட சாமுவேல் ரதர்போர்டு என்னும் குருவானவர், அங்கிருந்து எழுதிய கடிதங்களுள் ஒன்றில், தமக்கும் ஆண்டவருக்கும் இடையேயுள்ள பழையவை பழையவையாகவே போகும்படி தமக்காகப் பிரார்த்திக்க வேண்டினார். ஸ்காட்லாந்து வழக்கில் அச்சொல், செலுத்தத் தவறிய பழைய பாக்கிகளையும் குறிக்கும். கடன்பட்டவனாகத் தம்மைக் கருதிக்கொண்ட ஒருவர் கடன் கொடுத்தவனிடம் தாழ்ந்து இரந்த வேண்டுகோளாக அத்தொடர் அங்கே நிற்கிறது.

அதே தொடர் இன்று எவர் வாயிலிருந்து வருகிறது? பெரும்பாலும் தீங்கு செய்தவர்களே, தீங்குற்றவர்களைப் பார்த்து, போனதைப் பற்றி இனிப் பேசாதே என்று உபதேசிக்கும் தொனியில் அதை வழங்குகின்றனர். பாக்கியைத் தள்ளுபடி செய்யும் உரிமை பாக்கி பெறவேண்டியவருக்கே உண்டு. கடனாளியே எழுந்து பலகையைத் துடைப்பானாயின் அதற்குப் பெயர் மன்னிப்பு அன்று, கள்ளக்கணக்கு.

மறதியை ஆணையிட்ட சட்டங்கள்

‘பர்கிவ் அண்டு பர்கெட்’, மன்னித்து மறத்தல் என்பது ஆங்கிலத்தில் மிகப் பழமையான இணைத்தொடர். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் லியர் மன்னன், தான் அநியாயமாகத் துரத்திய மகள் கார்டீலியாவிடம் வேண்டிக்கொள்வது இவ்விரண்டையுமே. ஆயினும் மறப்பதை முன்னும் மன்னிப்பதைப் பின்னுமாக அம்முதியவன் வேண்டுகிறான். மறத்தல் என்பது எப்படி ஒருவனுடைய விருப்பத்துக்கு உட்படும் என்னும் வினா இங்கே எழுகிறது. தாயைக் கொன்றவனை மறந்துவிடு என்று மகனிடம் சொல்வது, நோயாளியைப் பார்த்து நலமாயிரு என்று கட்டளையிடுவதைப் போன்றதன்றோ?

இவ்வினாவுக்குச் சரித்திரம் விடை தருகிறது. கி.மு. 404-ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரைக் கைப்பற்றிய முப்பதின்மர் கொடுங்கோலாட்சியில் ஏறத்தாழ 1500 பேர் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு திராசிபூலஸ் என்பவரின் தலைமையில் ஜனநாயகக் கட்சியினர் திரும்பிவந்தபோது, பழிவாங்கும் வெறியில் நகரம் அழியாதிருக்க, நிகழ்ந்த தீமைகளை நினைவுகொள்ளமாட்டோம் என்று இருதரப்பாரும் பிரமாணம் செய்தனர். நினைவுகொள்ளாமை என்பதற்கு அங்கே பொருள், பழைய தீமையைக் காட்டி வழக்குத் தொடராமை என்பதேயாகும். கொடுங்கோலரான முப்பதின்மருக்கு அந்தப் பொதுமன்னிப்பில் இடமில்லை. தம் செயல்களுக்குக் கணக்குக் கொடுக்க முன்வந்தால் மட்டுமே அவர்களும் அதில் சேரலாம். பிரமாணத்தை மீறிப் பழைய பகையைக் கிளறிய ஒருவன், ஆர்க்கினஸ் என்பவரின் வற்புறுத்தலால் விசாரணையின்றியே கொல்லப்பட்டான் என்று அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் ஏதென்ஸ் அரசியல் நூல் கூறுகிறது.

இங்கிலாந்திலும் இதற்கு ஒப்பான ஒரு சட்டம் எழுந்தது. உள்நாட்டுப் போரில் முதலாம் சார்லஸ் மன்னர் சிரச்சேதம் செய்யப்பட்டு, அவரை எதிர்த்துப் போரிட்ட கிராம்வெல்லின் ஆட்சியும் நடந்து முடிந்து, இரண்டாம் சார்லஸ் மன்னர் 1660-ஆம் ஆண்டில் நாடு திரும்பியபோது, குற்றவிலக்கும் மறதியும் என்னும் பெயராலேயே ஒரு சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறியது. மூன்றாண்டுகள்வரை எவரேனும் கெட்ட எண்ணத்தோடு பழைய பிணக்குகளை நினைவூட்டும் நிந்தைச்சொல்லை இன்னொருவர்மீது வீசினால், அவர் கனவானாயிருப்பின் பத்து பவுனும், அதற்குத் தாழ்ந்த நிலையினராயின் நாற்பது ஷில்லிங்கும், நிந்திக்கப்பட்டவருக்கே செலுத்த வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. அரசனைக் கொல்லத் தீர்ப்பளித்தவர்களில் பலர் அந்த மன்னிப்புக்குப் புறம்பாக நிறுத்தப்பட்டனர். இறந்து புதைக்கப்பட்டிருந்த கிராம்வெல்லின் உடலும் தோண்டியெடுக்கப்பட்டு 1661-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் தூக்கில் தொங்கவிடப்பட்டது. கோடரியைப் புதைத்தவர்கள் ஒரு தேசத்தில். பிணத்தைத் தோண்டியவர்கள் மற்றொரு தேசத்தில்! ஆயினும் அந்தச் சட்டம் காத்த உயிர்கள் பல. அரசனைக் கொன்றது நீதியே என்று வாதித்து எழுதிய கவி மில்டன், சிறைப்பட்டும் அவ்வாண்டிலேயே விடுதலை பெற்று, கண்ணொளி இழந்த நிலையில் தம் பெருங்காப்பியத்தை முடித்து 1667-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒரு சமூகம் மறக்கத் துணிந்ததால் உலகத்துக்கு ஓர் இலக்கியம் கிடைத்தது.

ஆக, மன்னித்து மறத்தல் என்பதில் உள்ள மறதி நெஞ்சின் மறதியன்று, நாவின் கட்டுப்பாடு. நினைவிலிருப்பதை ஆயுதமாக்கமாட்டேன் என்னும் பிரதிக்ஞை அது. அறிந்தே, நினைவோடே, அடக்கிக்கொள்வதால்தான் அதற்குப் பெருமை உண்டாகிறது.

கன்னமும் முத்தமும்

உடலின் செயலிலிருந்து பிறந்த தொடர்கள் இரண்டை இனிக் குறிப்பிட விரும்புகிறேன். மறுகன்னத்தைத் திருப்பிக் காட்டுதல் என்பது மலைப்பிரசங்கத்திலிருந்து வந்ததென்பதை எல்லோரும் அறிவர். மத்தேயு அங்கே வலக்கன்னம் என்று குறித்துச் சொல்வதை மட்டும் பலர் கவனிப்பதில்லை. எதிரே நிற்பவன் வலக்கையால் ஒருவனை வலக்கன்னத்தில் அறையவேண்டுமானால் புறங்கையால்தான் அறைய முடியும். புறங்கை அறை வலியைவிட அவமானத்தை உண்டாக்குவது. யூதரின் மிஷ்னா என்னும் தர்மசாஸ்திரத் தொகுப்பு, உள்ளங்கை அறைக்கு 200 ஸூஸ் என்றும் புறங்கை அறைக்கு அதன் இருமடங்கு என்றும் நஷ்டஈடு விதிப்பதிலிருந்து இவ்வேற்றுமை விளங்கும். ஆகவே மறுகன்னத்தைக் காட்டுபவன் பயந்து பணிபவன் அல்லன் என்றும், என்னை அடிமையாக நடத்தாதே, சமமானவனாக எதிர்கொள் என்று தலை நிமிர்ந்து நிற்பவன் என்றும் அறிஞர் சிலர் பொருள் கொண்டனர். அவ்விளக்கத்தை ஏற்காதவரும், பழியைத் திருப்பிச் செலுத்தும் உரிமை கையிலிருந்தும் அதைப் பயன்படுத்தாத வலிமையே அங்குப் பேசப்படுகிறது என்பதை மறுக்கமாட்டார்.

பிணங்கியவர் கூடுதலை ஆங்கிலேயர் முத்தமிட்டு நட்பாதல் என்னும் பொருளில் சொல்கின்றனர். இன்று காதலர் ஊடல் தீர்வதற்கே அத்தொடர் பெரிதும் பயன்படுகிறது. இடைக்கால ஐரோப்பாவில் சமாதான முத்தம் என்பது சட்டத்தின் வலிமை வாய்ந்தது. பகைவர் இருவர் எல்லோர் முன்னிலையிலும் முத்தமிட்டுக்கொண்டால்தான் பகை முடிந்ததென்று கொள்ளப்பட்டது. இரண்டாம் ஹென்றி மன்னருக்கும் காண்டர்பரிப் பேராயர் தாமஸ் பெக்கட்டுக்கும் மூண்ட பூசலைத் தீர்க்க 1169-ஆம் ஆண்டில் நடந்த பேச்சில் எல்லாம் ஏறத்தாழ முடிந்த பிறகும், முத்தம் கொடுப்பதில்லை என்று கோபத்தில் சத்தியம் செய்திருப்பதாகச் சொல்லி அரசர் மறுத்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் இருவரும் வாய்ச்சொல்லால் சமாதானமாயினர். முத்தம் மட்டும் அப்போதும் கொடுக்கப்படவில்லை. பேராயர் நாடு திரும்பினார். அவ்வாண்டு டிசம்பர் 29-ஆம் நாள், அரசரின் வீரர் நால்வர் அவரை அவருடைய பேராலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றனர். கொடுக்கப்படாத அந்த முத்தத்துக்கு 1174-ஆம் ஆண்டில், வெறுங்காலோடு காண்டர்பரித் தெருக்களில் நடந்து, துறவிகளின் கையால் கசையடி பெற்று, அரசர் பிராயச்சித்தம் செய்ய நேர்ந்தது. சொல் ஒப்பியும் செயல் ஒப்பாத சமாதானம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இதைக்காட்டிலும் தெளிவாக எந்தச் சரித்திரமும் சொல்லவில்லை.

ஆலிவ் கிளையை நீட்டுதல் என்னும் தொடரைச் சுருங்கச் சொல்லி மேற்செல்கிறேன். நோவாவின் பேழைக்குப் புறா கொண்டுவந்த இலையும், கிரேக்கர் அடைக்கலம் வேண்டும்போது கம்பளிநூல் சுற்றி ஏந்திய கிளையும் இதன் மூலங்கள். 1775-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியேற்றங்களின் பேரவை மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு அனுப்பிய கடைசிச் சமாதான விண்ணப்பம் இப்பெயராலேயே அறியப்படுகிறது. மன்னர் அதை ஏற்க மறுத்து, அவ்வாண்டு ஆகஸ்ட் 23-ஆம் நாள் அவர்களைக் கலகக்காரர் என்று பிரகடனம் செய்தார். கிளையை நீட்டுவதற்கு ஒருவர் போதும். அது சமாதானமாவதற்கு அதைப் பெறும் கையும் வேண்டும்.

சபையில் எழுந்து நின்றவர்

மன்னிப்பவரைப் பற்றிய தொடர்களை இதுகாறும் கண்டோம். மன்னிப்பு வேண்டுபவரைப் பற்றிய தொடரும் ஒன்று உண்டு. ‘ஈட் ஹம்பிள் பை’ என்பது பணிந்து தன் தவற்றை ஒப்புக்கொள்வதைக் குறிக்கும். மானின் ஈரல், குடல் முதலியவற்றைக் கொண்டு செய்த அம்பிள் பை என்னும் பண்டத்தின் பெயரோடு, பணிவைக் குறிக்கும் ஹம்பிள் என்னும் சொல் ஒலியொற்றுமையால் கலந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தொடர் உருவாயிற்று. வேட்டையாடிய பிரபுக்களுக்கு நல்ல இறைச்சியும் ஏவலருக்கு உள்ளுறுப்பும் என்று அதற்கு ஒரு கதையும் சொல்வதுண்டு. ஆயினும் வசதியாக வாழ்ந்த சாமுவேல் பீப்ஸ் என்பவர் 1663-ஆம் ஆண்டு நாட்குறிப்பில் அப்பண்டத்தை மிகவும் ருசித்துண்டதாக எழுதுகிறார்.

இத்தொடரின் சுவையைவிட, இது குறிக்கும் செயலின் கடுமையே நம் கருத்துக்கு உரியது. ஆல்பனியில் கோடரிகள் புதைக்கப்பட்ட செய்தியை எழுதிவைத்த சாமுவேல் சூவல், பின்னாளில் நீதிபதியானார். 1692-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாகாணத்தின் சேலம் நகரில் சூனியக்காரர் என்று குற்றஞ்சாட்டப்பட்டோரை விசாரித்த நீதிமன்றத்தில் அவரும் ஒருவராக அமர்ந்தார். அந்த விசாரணைகளின் விளைவாக 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஜைல்ஸ் கோரி என்னும் முதியவர் வாதுரைக்க மறுத்தமையால் கல்லேற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார். அவர்கள் யாவரும் நிரபராதிகள் என்பது விரைவிலேயே வெளிப்பட்டது. 1697-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள், மாகாணம் முழுவதும் உபவாசம் அனுஷ்டித்த அன்று, பாஸ்டன் தெற்குத் திருச்சபையின் ஆலயத்தில், தாம் எழுதிக்கொடுத்த அறிக்கையைக் குருவானவர் வில்லர்ட் சபையாருக்குப் படித்துக்கொண்டிருக்க, நீதிபதி சூவல் தம் இருக்கையிலிருந்து எழுந்து, எல்லோரும் காண நின்றார். அந்த நீதிமன்றத்தின் குற்றத்தில் தமக்குள்ள பழியையும் வெட்கத்தையும் தாமே ஏற்பதாக அவ்வறிக்கை கூறியது. அது படித்து முடிக்கப்பட்டதும் அவர் தலைவணங்கினார்.

அந்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியான வில்லியம் ஸ்டவ்டன் இறுதிவரை தம் பிழையை ஒப்பவில்லை. ஜூரிகளாக அமர்ந்திருந்த பன்னிருவர் மன்னிப்புக் கோரிக் கையெழுத்திட்டனர். சிறுமியாய் இருந்தபோது பலர்மீது பொய்க்குற்றம் சாட்டிய ஆன் பட்னம், 1706-ஆம் ஆண்டில் தன் ஊர்ச் சபையில் எழுந்து நின்று, தான் இழைத்த தீங்குக்காக மாண்டோரின் உறவினரிடம் மன்னிப்பு வேண்டினாள். 1711-ஆம் ஆண்டில் மாகாண அரசு, தண்டிக்கப்பட்டோரில் பலர்மீதிருந்த பழியை நீக்கி, அவர்கள் குடும்பத்தாருக்கு 578 பவுன் 12 ஷில்லிங் ஈட்டுத்தொகை வழங்க முன்வந்தது. மாண்டவர் மீளவில்லை, எந்தப் பணமும் அவர்களுக்கு ஈடாகாது. ஆயினும் ஒப்புதல், சாட்சி, ஈடு என்னும் மூன்றும் அங்கே ஒருங்கே அமைந்தன. தூக்குமேடை ஊரறிய நின்றதாகலின், அதற்கான வருத்தமும் ஊரறியவே நிற்க வேண்டியதாயிற்று.

முடிவுரை

பெரியோர்களே, இத்தொடர்களின் பிறப்பை ஆராய்ந்ததனால் நாம் அடையும் பயன் யாது? இவை அனைத்துக்கும் பொதுவாக மூன்று இலக்கணங்கள் உள்ளன. மன்னிப்பு பிறரறிய நிகழ வேண்டும் என்பது ஒன்று. அதை வழங்கும் உரிமை தீங்குற்றவருக்கே உரியது, அவரை வற்புறுத்திப் பெறலாகாது என்பது இரண்டு. மீட்க முடியாத ஏதோ ஒன்றை, ஆயுதத்தையோ, பாக்கியையோ, பழிதூற்றும் உரிமையையோ, தன் கௌரவத்தையோ, கைவிட்டாலன்றி அது நிறைவேறாது என்பது மூன்று. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் அத்தொடரை வழங்குவது, பணம் செலுத்தாமல் ரசீது எழுதிக்கொள்வதாகும்.

தனிமனிதர் தம் உள்ளத்துக்குள் ஒருவரை மன்னித்து அமைதி பெறுவதை நான் குறைத்துச் சொல்லவில்லை. தீங்கிழைத்தவர் வருந்தாதபோதும் மன்னிக்க வல்ல உள்ளங்கள் உண்டு, அவை வணங்கத்தக்கவை. ஆனால் அந்தப் பெருமையை ஒருவர் தாமே விரும்பி அடையலாமேயன்றி, பிறர்மேல் சுமத்தலாகாது. கணவனின் கொடுமையைச் சகித்த பெண்ணிடமும், நிலத்தை இழந்த குடியானவனிடமும், படுகொலையில் தப்பிய ஜனங்களிடமும், பெருந்தன்மையாக இரு, பழையதை மற என்று உபதேசிக்க விரைபவர்கள், அதற்கு முன்னே அவர்களின் கண்ணீரைத் துடைத்தோமா, காதுகொடுத்துக் கேட்டோமா என்று தம்மைத் தாமே வினவிக்கொள்ளட்டும். இரோக்வாய் மக்கள் அரசர்களின் தூதரிடமே அதை எதிர்பார்த்தனர். நாம் சாமானியரிடம் எதிர்பார்ப்பதில் தவறில்லை.

இந்த அவையில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் பலர் இருக்கின்றீர்கள். மரபுத்தொடருக்குப் பொருள் சொல்லி, வாக்கியத்தில் அமைத்துக்காட்டி, அடுத்ததற்குப் போவது நம் வகுப்புகளின் வழக்கம். மன்னிப்பைப் பற்றிய தொடர் வரும்போது மட்டுமேனும் சற்று நின்று, இதைச் சொல்லத் தகுந்தவர் யார், யார் முன்னிலையில் சொல்ல வேண்டும், சொல்லும்போது எதைக் கைவிட வேண்டும் என்னும் மூன்று வினாக்களையும் மாணவர்களிடம் எழுப்புமாறு வேண்டிக்கொள்கிறேன். அவ்வாறு கற்ற மாணவன் பிற்காலத்தில் எந்த மொழியில் மன்னிப்பு வேண்டினாலும், எந்த மொழியில் மன்னித்தாலும், அதன் விலையை அறிந்தே செய்வான். மொழிக்கல்வி ஒழுக்கக்கல்வியாக மாறுவது அவ்விடத்திலேதான்.